மின்னும் எப்பொக்சித் தரை ஏன் மங்குகிறது?

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கைகளில், அடுக்குமாடிகள் சிலவற்றின் வாகனத் தரிப்பிடத் தரை எப்பொக்சி. பூசிய புதிதில் முகம் தெரியும். போகப் போக, ஆட்கள் நடக்கும் தடம் மட்டும் சாம்பல் பூத்துவிடும். அழுக்கென்று நினைத்து இன்னும் அழுத்தித் தேய்ப்பார்கள். தேய்க்கத் தேய்க்க மோசமாகும்.

பிசினும் கடினமாக்கியும் கலந்து, மூலக்கூறுகள் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைந்து இறுகியதுதான் எப்பொக்சி. அதில் துளை இல்லை. சிந்திய எண்ணெய் சுலபத்தில் உள்ளே இறங்காது. ஆனால் கீறல் விழும். செருப்போடு வரும் மணலில் உள்ள குவார்ட்ஸ், மோஸ் கடினத்தன்மை அளவுகோலில் 7, கண்ணாடியையே கீறும். அந்த மணலின்மேல் ஈரத்துணியை இழுத்தால் விழும் நுண்கீறல்கள் ஒளியைச் சிதறடிக்கும். மங்கல் அதுதான். ஆகவே முதலில் மென்மையான தும்புத்தடியால் மணலைக் கூட்டி அள்ளுங்கள், தண்ணீர் பிறகு.

சவர்க்காரத் தூளைக் கொட்டினால் படலம் தங்கி வழுக்கும். தேசிக்காய்ப்புளியும் வினாகிரியும் வேண்டாம். அமிலம் மினுக்கத்தைக் குறைக்கும். நடுநிலையான திரவம் கொஞ்சம் போதும்.

புதுத்தரையில் வெள்ளைப் படலமா? கொழும்பின் ஈரக்காற்றில் இது வழக்கம்: கடினமாக்கியிலுள்ள அமீன், ஈரத்தோடும் காபனீரொட்சைட்டோடும் சேர்வதால் வருவது. பெரும்பாலும் இளஞ்சூட்டு நீரில் போகும்.

கொட்டாஞ்சேனைக் கடைவாசல்போல வெயில் விழும் இடத்தில் தரை மஞ்சளித்தால் கழுவிப் பயனில்லை. புறஊதாக் கதிர் பிசினையே மாற்றிவிட்டது. வெயில் தாங்கும் பொலியூரிதேன் மேற்பூச்சைத் தொடக்கத்திலேயே அடித்திருக்க வேண்டும்.