குப்பத்துக்கு வந்த கச்சேரி

பெர்லின் நகரத்து இரவு கிளப்கள் சிலவற்றில் சனிக்கிழமை ராத்திரி தொடங்கும் ஆட்டம் திங்கள் காலையில்தான் ஓயும். வாடகை ஏறியும், அக்கம்பக்கத்தார் புகார் செய்தும் பல கிளப்கள் மூடப்பட்டன. 2021-ல் ஜெர்மன் நாடாளுமன்றம், 'ஓபரா அரங்கம்போல கிளப்பும் கலாசார இடம்தான்' என்று தீர்மானம் போட்டது.

பாட்டுக்கு எது இடம் என்ற கேள்வி நம்மூரிலும் எழுந்தது. மார்கழியில் மயிலாப்பூர் சபாக்களில் கச்சேரியும் களைகட்டும், கேன்டீனும் களைகட்டும். (சிலர் போவதே கேன்டீனுக்குத்தான்!) பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்து மீனவர்களுக்கு அதில் பங்கில்லை. 2015-ல் பாடகர் டி.எம்.கிருஷ்ணா, நித்யானந்த் ஜெயராமன் உள்ளிட்டோர் ஊர்மக்களோடு சேர்ந்து குப்பத்திலேயே விழா எடுத்தார்கள். டிக்கெட் கிடையாது. கர்னாடக இசையும் பறையும் ஒரே விழாவில்.

'கச்சேரி கேட்டால் மீனவருக்கு என்ன லாபம்?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். 2017-ல் வெளியான 'சென்னை புறம்போக்குப் பாடல்' அதற்கு ஓரளவு பதில் சொன்னது. கபேர் வாசுகி சென்னைத் தமிழில் எழுதியதை, கிருஷ்ணா ஆனந்தபைரவி, பேகடா என ராகமாலிகையாகப் பாடினார். எண்ணூர்க் கழிமுகமும் அனல்மின் நிலையச் சாம்பலும்தான் மேடை. சபாவுக்கு வெளியே போன சங்கீதம், மீனவர்களின் வழக்கையும் கையோடு எடுத்துக்கொண்டது.

அந்தக் கழிமுகத்து உப்பங்கழி வடக்கே பழவேற்காடு ஏரியோடு சேர்கிறது. இறால் இந்த நீரை நம்பி வளர்கிறது. ஏரிக்கரைக் குப்பங்களில் அடுப்பு, இறாலை நம்பி எரிகிறது.