கடல்மீன் தொட்டியில் வெண்புள்ளி நோய்

கடல்நீர்த் தொட்டியில் வளரும் மீனின் துடுப்பிலும் உடலிலும் ரவை தெளித்தாற்போல் வெள்ளைப் புள்ளிகள் தோன்றினால், அது பெரும்பாலும் கிரிப்டோகேரியான் இரிட்டன்ஸ் என்ற ஒட்டுண்ணியின் வேலை. குற்றிழைகளால் நீந்தும் இந்த ஒற்றைச்செல் உயிருக்கு 1951இல் பிரௌன் அந்தப் பெயரைச் சூட்டினார். சுறா, திருக்கை போன்ற குருத்தெலும்பு மீன்களை இது தொடுவதில்லை. எலும்புள்ள கடல்மீன்களில் இதற்குத் தப்புபவை மிகக் குறைவு. வீட்டுத் தொட்டியில் இருக்கும் கோமாளி மீனையும் கடற்கூண்டில் வளரும் கொடுவாயையும் இது ஒன்றுபோலவே பற்றும்.

நன்னீர் மீன்களுக்கும் வெண்புள்ளி நோய் உண்டு. கோல்டு ஃபிஷ், மோலி வளர்த்தவர்கள் கல்லுப்பைப் போட்டு, ஹீட்டரால் நீரைச் சூடாக்கி அதைக் குணப்படுத்தியிருப்பார்கள். அந்த நோயைத் தருவது வேறோர் உயிர். தோற்றம் ஒத்திருந்தாலும் இரண்டும் நெருங்கிய உறவினர் அல்ல. உப்பிலேயே பிறந்து வளர்ந்த ஒட்டுண்ணியிடம் கல்லுப்பு வைத்தியம் பலிக்காது. நன்னீர் மீன் வளர்ப்பிலிருந்து கடல்மீன் வளர்ப்புக்கு வருபவர்கள் முதலில் தவறுவது இந்த இடத்தில்தான்.

இந்த நோயை வெல்ல அதன் வாழ்க்கைச் சுழற்சியைத் தெரிந்துகொள்ள வேண்டும். கண்ணுக்குத் தெரியும் புள்ளி, மேல்தோலுக்கு அடியில் சுழன்றபடி திசுவைத் தின்று கொழுக்கும் பருவம். அது மீனின் உடலில் 3 முதல் 7 நாள் இருந்து, ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்வரை வளர்கிறது. பிறகு தோலைவிட்டு வெளியேறி, தொட்டியின் தரையில் சில மணி நேரம் ஊர்ந்து, மணலிலோ கல்லிலோ கண்ணாடியிலோ ஒட்டிக்கொண்டு தன்னைச் சுற்றிக் கெட்டியான கூடு கட்டிக்கொள்கிறது. கூட்டுக்குள் அது பலவாகப் பிரிகிறது. வெதுவெதுப்பான நீரில் பெரும்பாலும் 4 முதல் 8 நாளில் கூடு திறந்து, ஒரே கூட்டிலிருந்து 200 குஞ்சுகள்வரை நீந்தி வெளிவரும். அவை ஓரிரு நாளுக்குள் ஒரு மீனை அடையாவிட்டால் இறந்துவிடும். வெளிவந்த முதல் சில மணி நேரத்தில்தான் அவற்றுக்கு வீரியம் அதிகம்.

இதில் வியப்பூட்டுவது நேரக்கணக்கு. ஒட்டுண்ணி மீனைவிட்டு இறங்குவதும் இருட்டில், குஞ்சுகள் கூட்டைவிட்டு வெளிவருவதும் பெரும்பாலும் விடியலுக்கு முந்திய இருட்டில். அந்த வேளையில் மீன்கள் தரையோரம் அசையாமல் உறங்கிக்கொண்டிருக்கும். கூடுகளும் அங்கேயே இருப்பதால் குஞ்சுகள் வெகுதூரம் நீந்த வேண்டியதில்லை.

மருந்து எதுவானாலும் தோலுக்குள் புதைந்த பருவத்தையும் கூட்டுக்குள் இருக்கும் பருவத்தையும் அதனால் எட்ட முடியாது. நீந்தித் திரியும் குஞ்சுப் பருவம் ஒன்றே மருந்துக்குப் படியும். ஒரு நாள் மருந்து போட்டுவிட்டு ஓய்வதில் அதனால்தான் பயனில்லை. இன்னொரு மயக்கமும் இங்கே பிறக்கிறது. நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ புள்ளிகள் தாமாக மறையும், மீன் இரை எடுக்கும், வளர்ப்பவர் நோய் போய்விட்டதென்று நம்புவார். புள்ளிகள் குணமாகி மறையவில்லை, கூடு கட்டக் கீழே இறங்கியிருக்கின்றன. அடுத்த வாரம் அதே மீனில் பன்மடங்கு புள்ளிகள் எழும்போது செவுள்கள் புண்ணாகி, மூச்சு முட்டி மீன் சாகும். பிழைத்த மீனுக்குச் சில மாதங்கள் ஓரளவு எதிர்ப்புத் திறன் இருக்கும். வெளியே ஒரு புள்ளிகூடத் தெரியாமல் ஒட்டுண்ணியைச் சுமந்து திரிவதும் அத்தகைய மீன்தான்.

திருவண்ணாமலை போன்ற உள்நாட்டு ஊரில் இந்நோய்க்குத் தனிக் கணக்கு உண்டு. அருகிலுள்ள கடல், புதுச்சேரிப் பக்கம், சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஊரில் சமுத்திரம் என்று பெயர் பெற்றிருப்பது ஒரு நன்னீர் ஏரி. இங்கே கடல்நீர்த் தொட்டி வைப்பவர் ஆர்.ஓ. தண்ணீரில் கடல் உப்புக் கலவையைக் கரைத்து, லிட்டருக்கு 35 கிராம் அளவில் கடல்நீரைத் தாமே தயாரிப்பதே வழி. சமையல் உப்பில் மக்னீசியமும் கால்சியமும் போதாது என்பதால் அது இதற்கு உதவாது. இப்படித் தயாரித்த நீரில் ஒட்டுண்ணி இருக்க வாய்ப்பே இல்லை. அப்படியானால் நோய் வந்த வழி ஒன்றுதான்: சென்னையிலிருந்தோ வேறெங்கிருந்தோ பாலிதீன் பையில் வந்த மீன், அந்தப் பை நீர், ஈரம் காயாத கல் அல்லது வலை. கடலோர ஊரில் கடல்நீரையே தொட்டிக்கு அள்ளி வருபவருக்கு இல்லாத வசதி இது. வாசல் ஒன்றே என்பதால் காவலும் எளிது.

வெயில் மட்டும் எதிர்ப்பக்கம் நிற்கிறது. கோடையில் 40 டிகிரி செல்சியஸை எட்டும் ஊரில் தொட்டி நீரும் சூடேறும். வெப்பம் கூடக்கூட ஒட்டுண்ணியின் சுழற்சி விரைவுபடும், நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறையும். செவுள் புண்ணான மீனுக்கு இரண்டும் சேர்ந்த அடி. மின்தடையின்போதும் ஓடக்கூடிய பேட்டரி ஏர் பம்ப் ஒன்று இங்கே கட்டாயத் தேவை.

சிகிச்சைகளில் பழையதும் நம்பகமானதும் தாமிரம். நோயுற்ற மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றி, நீரில் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் தாமிர அயனி இருக்கும்படி குறைந்தது மூன்று வாரம் வைத்திருக்க வேண்டும். 100 லிட்டர் நீருக்கு இது வெறும் 80 மில்லிகிராம் மயில்துத்தம், ஒரு சிட்டிகையைவிடக் குறைவு. அளவு இறங்கினால் ஒட்டுண்ணி பிழைக்கும், ஏறினால் மீன் சாகும். ஆகவே தினமும் சோதனைக் கருவியால் அளந்து பார்க்காமல் தாமிரத்தைத் தொடவே கூடாது. இறால், நத்தை, கடல் அனிமோன் ஆகியவற்றுக்கு அது கொடிய நஞ்சு. சுண்ணாம்புக் கல்லும் பவள மணலும் தாமிரத்தை உறிஞ்சி நீரின் அளவைக் குலைத்துவிடும் என்பதால், சிகிச்சைத் தொட்டியின் தரை வெறுமையாக இருக்க வேண்டும்.

மருந்தே இல்லாத வழி, தொட்டி மாற்றும் முறை. இரண்டு தொட்டிகள் போதும். மூன்று நாளுக்கு ஒருமுறை மீனை மற்ற தொட்டிக்கு மாற்றி, காலி செய்ததைக் கழுவி முற்றிலும் உலர்த்த வேண்டும். இப்படி நான்கு முறை. கூடு திறக்கக் குறைந்தது மூன்று நாள் ஆகும் என்பதால், குஞ்சு வெளிவருவதற்குள் மீன் அங்கே இருக்காது. கடைசிப் புள்ளியும் ஏழு நாளுக்குள் மீனைவிட்டு இறங்கியிருக்கும். ஒட்டுண்ணியின் நாட்கணக்கையே அதற்கு எதிராகத் திருப்பும் இந்த முறை அழகானது. கை உழைப்பு மட்டும் கூடுதல்.

மூன்றாவது வழி, உப்பின் அளவை இரண்டு மூன்று நாளில் படிப்படியாக லிட்டருக்கு 15 கிராம் அளவுக்கு இறக்கி, மூன்று வாரத்துக்கு மேல் அப்படியே வைத்திருப்பது. ஆனால் உப்புக் குறைந்த நீரிலும் வாழும் வகைகள் தைவானில் பதிவாகியிருப்பதால் இதை மட்டும் நம்பியிருக்க முடியாது. புற ஊதா விளக்கு தன் வழியே கடந்துசெல்லும் குஞ்சுகளைக் கொல்லும், மற்றவற்றை விட்டுவிடும். உடலைக் கொத்திச் சுத்தம் செய்யும் துப்புரவு மீனுக்கும் தோலுக்கு அடியில் இருப்பது எட்டாது.

புள்ளி எல்லாமே கிரிப்டோகேரியான் அல்ல. பொன்தூள் பூசினாற்போல் மிக நுண்ணிய புள்ளிகள் தெரிந்து, மீன் வேகவேகமாக மூச்சு வாங்கினால் அது அமைலூடினியம். இது முதலில் செவுளைத் தாக்குவதால் உடலில் புள்ளி தெரிவதற்கு முன்பே மீன் இறந்துபோகலாம். உப்பைக் குறைப்பதற்கு இது மசியாது, தாமிரம் கேட்கும். கோமாளி மீனின் உடலில் சளி திரண்டு உரிந்தால் புரூக்ளினெல்லா எனச் சந்தேகித்து ஃபார்மலின் குளியல் தருவார்கள். நியோபெனிடீனியா என்ற தட்டைப்புழு கண்ணாடிபோல் இருப்பதால் மீன்மேல் தெரியாது. வெப்பமும் கார அளவும் பொருத்திய நன்னீரில் ஐந்து நிமிடம் மீனை விட்டால் புழு வெளுத்து உதிரும். அதன் முட்டைகள் தொட்டியில் ஒட்டியிருக்கும் என்பதால் சிகிச்சையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

மீன்களை வெளியே எடுத்துச் சிகிச்சை தரும் காலத்தில் பெரிய தொட்டியை மீன் இல்லாமல் விட்டுவைக்க வேண்டும். கூடு திறக்க எடுத்துக்கொண்ட மிக நீண்ட காலமாகப் பதிவானது 72 நாள். கவனமுள்ளவர்கள் 76 நாள் காத்திருப்பது அதனால்தான்.

புதிதாக வாங்கும் ஒவ்வொரு மீனையும், கடையில் எவ்வளவு துடிப்பாக இருந்தாலும், குறைந்தது 30 நாள் தனித் தொட்டியில் வைத்துப் பார்ப்பதே தடுப்பின் உயிர்நாடி. ஸ்பாஞ்ச் ஃபில்டர், ஒளிந்துகொள்ள ஒரு பிளாஸ்டிக் குழாய், ஏர் பம்ப், இவை போதும். மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையமும் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிக்கவைத்து வளர்த்துள்ளன. கடலில் பிடித்த மீனைவிட அப்படிப் பிறந்த மீன் ஒட்டுண்ணியைக் கொண்டுவரும் வாய்ப்பு குறைவு, தொட்டி வாழ்க்கைக்கும் பழகியது. அதற்கும் தனிமைக் காலம் உண்டு. பவளப் பாறைத் துண்டுகளை அலங்காரத்துக்கு வாங்குவதை அறவே தவிர்க்க வேண்டும். இந்தியாவில் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ளவை.

தனித் தொட்டிக்கும் பெரிய தொட்டிக்கும் வலை, குழாய், வாளி எல்லாம் வேறுவேறாக இருக்க வேண்டும். ஒரே வலையைத்தான் பயன்படுத்த வேண்டியிருந்தால், ஒவ்வொரு முறையும் அதை நன்னீரில் அலசி, மொட்டைமாடி வெயிலில் முறுகக் காயவிட வேண்டும். ஈரம் முழுதும் போனால் ஒட்டுண்ணியின் எந்தப் பருவமும் பிழைப்பதில்லை.