கரடு ஊருக்கு, வழி யாருக்கு?

வடமதுரைக்கும் அய்யலூருக்கும் நடுவே, நான்குவழிச் சாலையை விட்டு இறங்கி அரை மணி நேரம் நடந்தால் ஒரு கரடு வரும். திண்டுக்கல் சமவெளியில் எந்தத் திசையில் திரும்பினாலும் இப்படி ஒரு கரடு கண்ணில் படும். மலை என்று சொல்லும் அளவுக்கு உயரம் இருக்காது. பாறை, பாறை இடுக்கில் வெள்வேல், உசிலை, ஐப்பசி மழை பெய்துவிட்டால் முழங்கால் உயரத்துக்குக் கொழுக்கட்டைப் புல். உழவுக்கு ஆகாது. வெள்ளாட்டுக்கு அது சொர்க்கம்.

கரட்டின் அடிவாரத்தை நெருங்க முடியவில்லை. கம்பி வேலி, இரும்புக் கேட், கேட்டில் பூட்டு, பக்கத்தில் தகரப் பலகை: அந்நியர் உள்ளே பிரவேசிக்கக் கூடாது. வேலியோரமாக நாற்பது ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்த அம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். கையிலிருந்த தொரட்டியால் கரட்டைச் சுட்டிக் காட்டினார்.

“அந்தா தெரியுது பாருங்க தம்பி, அது ஊருக்குப் பொதுவு. எங்க அப்பன் காலத்துலருந்து அங்கதேன் மேய்ச்சோம். இப்ப அங்க போகணும்னா றெக்கை வேணும்.”

கரட்டை யாரும் ஆக்கிரமிக்கவில்லை. அதைச் சுற்றியிருந்த பட்டா நிலங்களை ஒருவரே ஒவ்வொன்றாக வாங்கி முடித்துவிட்டார். கடைசித் துண்டும் பத்திரமான பிறகு வேலி எழுந்தது. அன்றோடு ஆடுகள் தார்ச்சாலை ஓரத்துக்கு வந்துவிட்டன. லாரிக்கும் பேருந்துக்கும் ஒதுங்கி ஒதுங்கி, சாலையோரத்துச் சீமைக்கருவேல நெற்றைப் பொறுக்கித் தின்கின்றன.

வருவாய்த் துறைக் கணக்கில் இப்படிப்பட்ட நிலங்களுக்குப் பல பெயர்கள் உண்டு. மேய்க்கால் புறம்போக்கு, மந்தைப் புறம்போக்கு, கல்லாங்குத்து, ஓடை, தீர்வை ஏற்படாத தரிசு. இவற்றை யாராவது உழுதாலோ கட்டடம் கட்டினாலோ அதற்குச் சட்டம் இருக்கிறது. 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் இன்றும் உயிரோடுதான் இருக்கிறது. 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், கிராமப் பொது நிலங்களை ஆக்கிரமித்தவர்களை வெளியேற்றத் திட்டம் வகுக்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் கட்டளையிட்டது. ஆக்கிரமிப்பு என்றால் தடயம் இருக்கும், அளந்தால் தெரிந்துவிடும். வழியை அடைப்பதற்கு அப்படித் தடயம் எதுவும் கிடையாது. சர்வேயர் வந்து அளந்தால் புறம்போக்கில் ஒரு சென்ட் கூடக் குறைந்திருக்காது. பதிவேட்டில் ஊர்ச் சொத்து ஊர்ச் சொத்தாகவே இருக்கும். அனுபவிப்பவர் மட்டும் மாறியிருப்பார். நான் பேசிய ஆட்டுக்காரர்கள் பலரும் மனு கொடுத்து ஓய்ந்தது இந்த இடத்தில்தான். ‘புறம்போக்கு அப்படியே இருக்கிறதே, என்ன புகார்?’ என்ற கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை.

அந்தப் பதிலைத் தேடும்போது, இதே சிக்கலில் உலகின் மறுகோடியில் நடந்த ஒரு வழக்கு கண்ணில் பட்டது. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் 19-ஆம் நூற்றாண்டில் ரயில் பாதை போட்ட கம்பெனிக்கு, பாதையின் இருபுறமும் ஒன்று விட்டு ஒன்றாகச் சதுர மைல்களை அரசு மானியமாகக் கொடுத்தது. வரைபடத்தில் பார்த்தால் சதுரங்கப் பலகைதான். கறுப்புக் கட்டம் தனியார், வெள்ளைக் கட்டம் அரசு. அரசின் ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்குப் போக மூலையை மட்டுமே தாண்ட வேண்டும். அந்த மூலையைத் தொட்டுக்கொண்டு தனியார் நிலம்.

எல்க் மவுண்டன் என்ற இடத்தில் ஏறத்தாழ 22,000 ஏக்கர் பண்ணை ஒன்று. பண்ணைக்கு நடுவே அரசுக் கட்டங்கள். 2021-இல் மிசோரியிலிருந்து வேட்டைக்கு வந்த நால்வர், மூலையில் ஓர் இரும்பு ஏணியை நிறுத்தி, தனியார் மண்ணில் கால் படாமல் ஏறி இறங்கி அரசு நிலத்துக்குப் போனார்கள். அத்துமீறல் என்று வழக்குப் பாய்ந்தது. 2022-இல் ஜூரி அவர்களை விடுவித்தது. பண்ணை முதலாளி அந்தக் குற்ற வழக்கோடு மட்டும் நிற்கவில்லை. தன் நிலத்துக்கு மேலே உள்ள ஆகாயமும் தன்னுடையதே என்று சொல்லி, 70 லட்சம் டாலருக்கு மேல் நஷ்டக் கணக்கோடு சிவில் வழக்குப் போட்டார். 2023-இல் மாவட்ட நீதிமன்றம் வேட்டைக்காரர்கள் பக்கம் நின்றது. 2025 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அந்த ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்ததும் விஷயம் முடிந்தது. றெக்கை இல்லாதவர்கள் ஏணியோடு போய் ஜெயித்தார்கள்.

அந்த வெற்றிக்குத் துணை நின்றது 1885-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று. அக்காலத்தில் பெரிய மாட்டுப் பண்ணைக்காரர்கள் தங்கள் நிலத்தில் வேலி போட்டு, உள்ளே சிக்கிய பொது நிலத்தையும் சேர்த்து அனுபவித்தார்கள். அதைத் தடுக்க வந்த சட்டம் அது. வேலி யார் நிலத்தில் நிற்கிறது என்பதோடு அது நின்றுவிடவில்லை. வேலியால் பொது நிலம் அடைபடுகிறதா என்று பார்த்தது. நமக்கு வேண்டியது இந்தப் பார்வை.

நம் ஊரில் வேட்டைக்கு இடமில்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதை முடித்து வைத்தது. சிவராத்திரியை ஒட்டிப் பாரி வேட்டை என்று முயல் பிடிக்கப் போகிறவர்களை வனத்துறை எச்சரிக்கிறது, அபராதம் போடுகிறது, அது சரியானதே. இங்கே கரட்டுக்கு வழி கேட்பவர் கையில் துப்பாக்கி கிடையாது. தொரட்டியும் தூக்குப்போசியும்தான் இருக்கின்றன.

வழி எப்படித் தொலைந்தது? இரயத்துவாரி நில அளவையில் ஒவ்வொரு புலத்துக்கும் எண் கொடுத்தார்கள், கல் நட்டார்கள், புலப்படம் வரைந்தார்கள். பாதைகளில் சிலவற்றுக்குத் தனிச் சர்வே எண் கிடைத்தது. அவை வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று கணக்கில் ஏறின. அவற்றுக்குப் பெரும்பாலும் ஆபத்தில்லை. மற்றவை பட்டா புலத்துக்குள் ஓடுபவை. புலப்படத்தில் புள்ளிக்கோடாக இருக்கும், அல்லது அதுகூட இருக்காது. ‘மாமூல் பாதை’ என்று ஊர் அறிந்திருந்ததே அவற்றின் பாதுகாப்பு. கர்ணமும் அறிந்திருந்தார். எந்தப் பாறையைச் சுற்றி ஆடு போகும், எந்தப் புளியமரத்தடியில் வண்டி திரும்பும் என்பதெல்லாம் அவர் நினைவில் இருந்தது. 1980 நவம்பரில் பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகள் ஒழிக்கப்பட்டன. அந்த ஒழிப்பை நான் வரவேற்கிறேன். ஒரு குடும்பத்தின் கையில் ஊர்க் கணக்கு இருந்தது நியாயமில்லை. ஆனால் அவர் தலைக்குள் இருந்த பாதைகளை யாரும் கேட்டு எழுதி வைக்கவில்லை. அதே காலத்தில் நடந்த யு.டி.ஆர். எனப்படும் நில உடைமை மேம்பாட்டுத் திட்டம், பட்டாக்காரர் யார் என்பதைத் தேடித் தேடிப் பதிந்தது. நடந்து போனவர்களைப் பதிய அதில் கட்டம் இல்லை.

பத்திரங்களைப் புரட்டினால் இன்னொன்றும் புரியும். பழைய கிரயப் பத்திரங்களில் ‘மாமூல் வண்டிப்பாதை வழிநடை பாத்தியம்’ என்ற தொடர் தவறாமல் வரும். பத்துப் பேருக்குப் பத்துத் துண்டு இருக்கும்வரை ஒருவர் நிலத்தில் இன்னொருவர் நடந்தாக வேண்டும். அதனால் அந்தத் தொடர் காப்பாற்றப்பட்டது. பத்தையும் ஒருவரே வாங்கிவிட்டால்? தன் நிலத்துக்குள் தானே நடக்க அவருக்கு எதற்குப் பாத்தியம்? அடுத்த பத்திரத்தில் அந்தத் தொடர் காணாமல் போகிறது. அந்தப் பாதையில் நடந்த ஆட்டுக்காரர் எந்தப் பத்திரத்திலும் ஒரு தரப்பாக இருந்ததில்லை. அவரிடம் யாரும் கையெழுத்தும் கேட்கவில்லை.

இதற்குள் காட்டின் வாசலும் குறுகிவிட்டது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகள் அனைத்திலும் மாடு மேய்க்கத் தடை விதித்தது. பின்பு அதைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்ற அளவுக்குத் திருத்தியது. அந்த ஆண்டு அக்டோபரில் திண்டுக்கல், கரூர் மாவட்டக் காடுகளில் 11,806 ஹெக்டேரைச் சேர்த்துக் கடவூர் தேவாங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. தேவாங்குக்கென்று இந்தியாவில் அமைந்த முதல் சரணாலயம் அது. வேடசந்தூர், நத்தம் பக்கத்துக் காடுகளும் அதில் அடக்கம். தேவாங்கைக் காக்கத்தான் வேண்டும். காடு சுருங்கச் சுருங்க, காட்டுக்கு வெளியே இருக்கும் கரடும் மேய்க்காலும்தான் ஆட்டுக்குப் போக்கிடம் என்பதையும் அதே வேளையில் யோசித்திருக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் வெள்ளாடு மட்டும் ஏறத்தாழ 99 லட்சம், செம்மறி 45 லட்சம். வியாழக்கிழமை விடியலில் அய்யலூர்ச் சந்தைக்கு வந்து பாருங்கள். அங்கே கைமாறும் ஆடுகளில் பெரும்பாலானவை சொந்த நிலமில்லாத வீடுகளில் வளர்ந்தவை. பிள்ளையின் கல்லூரிக் கட்டணமும், மகளின் சீர்வரிசையும், ஆஸ்பத்திரிச் செலவும் அந்தக் கயிற்றின் நுனியில் இருக்கின்றன.

வேலி போட்டவர் பக்கமும் பேசினேன். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. வைத்த மாங்கன்றை ஒரே நாளில் ஆடு மொட்டையாக்கிவிட்டது. மோட்டார் வயரை யாரோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். “பாதைன்னு விட்டா யார் வர்றா, யார் போறான்னு எனக்கு எப்படிங்க தெரியும்?” என்றார்.

இந்தக் கேள்விக்கு நம் முன்னோர் எப்போதோ விடை கண்டுவிட்டார்கள். ஒட்டன்சத்திரம் தாண்டி மேற்கே கொங்குச் சீமைக்குள் நுழைந்தால் இட்டேரி என்ற சொல் காதில் விழும். இரண்டு தோட்டங்களுக்கு நடுவே, இருபுறமும் கிளுவையோ கள்ளியோ அடர்ந்த உயிர்வேலி. நடுவில் வண்டி போகும் அகலத்தில் தடம். ஆடு மாடு ஊரிலிருந்து மேய்ச்சலுக்கு அதற்குள்ளேயே போய்த் திரும்பும். பயிரில் வாய் வைக்க இடமில்லை. தோட்டக்காரருக்குக் காவல், ஆட்டுக்காரருக்கு வழி, கீரிக்கும் கௌதாரிக்கும் குடியிருப்பு. இன்றைக்குக் கம்பி வேலியை நிலத்தின் ஓரத்திலிருந்து பத்தடி உள்ளே தள்ளிப் போட்டால் போதும், ஓர் இட்டேரி கிடைத்துவிடும். ஏக்கர்கணக்கில் வாங்கியவருக்கு அந்தப் பத்தடி பெரிய இழப்பாகாது.

ஆட்டுக்காரரோடு முடிகிற விஷயமாக இதை நினைத்துவிடக் கூடாது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், மயானத்துக்குப் போகும் வழி வயல்களால் அடைபட்டதால், தலித் ஒருவரின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். அந்தக் காட்சியைத் தமிழகமே பார்த்தது. உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. கரட்டுக்கு வழி இல்லாதவர் சுற்றிக்கொண்டு போகிறார். மயானத்துக்கு வழி இல்லாதவர் எங்கே சுற்றுவார்?

சட்டத்தில் பிடி எதுவும் இல்லை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம், 20 ஆண்டுகள் தடையின்றி உரிமையோடு நடந்த வழியை ஏற்கிறது. வழக்காற்று உரிமைக்கு அந்தச் சட்டமே தரும் எடுத்துக்காட்டு எது தெரியுமா? கிராமத்து உழவர்கள் பொது மேய்ச்சல் நிலத்தில் மாடு மேய்க்கும் உரிமை! பொதுவழியை மறித்தால் அகற்ற உத்தரவிடும் அதிகாரம் கோட்டாட்சியருக்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆம் பிரிவில் இருந்தது. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் அது 152-ஆம் பிரிவு. மேய்ச்சல் நிலம், மயானம், களம் போன்ற புறம்போக்குகளின் பயன்பாட்டை முறைப்படுத்தும் பொறுப்பை 1994-ஆம் ஆண்டின் ஊராட்சிகள் சட்டம் கிராம ஊராட்சியிடம் தந்திருக்கிறது. ஆனால் இவை எல்லாவற்றிலும் நடந்தேன் என்று நிரூபிக்கும் சுமை நடந்தவர் தலையில் விழுகிறது. நாற்பது ஆடு வைத்திருப்பவர் சிவில் கோர்ட்டில் பத்து வருடம் வாய்தா வாங்க முடியுமா? இந்தச் சுமையை அரசு தன் தோளுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். எந்தெந்தப் புறம்போக்குக்கு வழி இல்லை என்று ஊராட்சி வாரியாகக் கணக்கெடுத்து, இருந்த பாதைகளை அளந்து, தனிச் சர்வே எண் கொடுத்துப் பதிய வேண்டும். மனைப்பிரிவுக்கோ ஆலைக்கோ அனுமதி தருமுன், உள்ளே அல்லது பின்னால் புறம்போக்கு இருக்கிறதா, அதற்கு வழி விட்டிருக்கிறதா என்று கேட்பதைக் கட்டாயமாக்க வேண்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் ஊர்க் கரட்டின் சர்வே எண்ணைக் கண்டுபிடியுங்கள். வருவாய்த் துறையின் இணையதளத்தில் அ-பதிவேடும் புலப்படமும் பார்க்கக் கிடைக்கின்றன. சுற்றியுள்ள புலங்களின் படத்தில் புள்ளிக்கோடு இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வழியில் நடந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை உட்கார வைத்துக் கேட்டு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் நடக்கின்றன: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து வருவது எதுவோ, அதில் அந்தப் பாதையைப் பெயர் சொல்லித் தீர்மானமாக எழுத வையுங்கள். கோடையில் ஜமாபந்தி வரும்போது அந்தத் தீர்மானத்தின் நகலோடு போய் நில்லுங்கள்.