இதய அறுவை சிகிச்சையில் பாதுகாப்பான கேனுலா வடிவமைப்பு

இதய அறுவை சிகிச்சையின்போது நோயாளியின் உடலிலிருந்து குருதியை வெளியே எடுக்கவும், இதய-நுரையீரல் எந்திரத்தில் ஆக்சிசன் ஏற்றப்பட்ட குருதியை மீண்டும் உடலுக்குள் செலுத்தவும் பயன்படும் குழாய் கேனுலா எனப்படும். கையில் சலைன் ஏற்றுவதற்காகச் செவிலியர் பொருத்தும் மெல்லிய குழாய்க்கும் இதே பெயர்தான். ஆனால் அறுவை அரங்கில் பயன்படும் கேனுலா ஏறத்தாழ ஒரு விரல் பருமன் கொண்டது. உடலின் மொத்தக் குருதியும் நிமிடத்துக்கு ஒரு முறை அதன் வழியே போய்வரும். குருதியை வெளியே எடுப்பது சிரைக் கேனுலா. திரும்பச் செலுத்துவது தமனிக் கேனுலா. பாதுகாப்பு பற்றிய கவலைகளில் பெரும்பகுதி இரண்டாவதைச் சார்ந்தது. அது பெருநாடியின் தொடக்கப் பகுதியில், மூளைக்குச் செல்லும் தமனிகள் பிரியும் இடத்துக்குச் சற்று முன்னால் செருகப்படுகிறது என்பதே காரணம்.

பின்னணி

1953 மே 6 அன்று அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஜான் கிப்பன் என்ற அறுவை மருத்துவர், 18 வயதுப் பெண் ஒருவரின் இதய மேலறைகளுக்கு இடையிலிருந்த துளையை எந்திரத்தின் உதவியோடு அடைத்தார். 26 நிமிடங்கள் இதயமும் நுரையீரலும் செய்ய வேண்டிய வேலையை எந்திரம் முழுமையாகச் செய்தது. எந்திரத்தின் உள்ளே ஆக்சிசன் ஏற்றும் பகுதி எப்படி இருக்க வேண்டும் என்பதே அப்போதைய ஆராய்ச்சியின் மையம். குருதி எந்தக் குழாய் வழியே உடலுக்குள் போகிறது என்பது பெரிதாகப் பேசப்படவில்லை.

1950களில் தொடைத் தமனி வழியே குருதியைத் திருப்பி அனுப்புவது பரவலான வழக்கமாக இருந்தது. அதற்குத் தொடையில் தனியே ஒரு கீறல் வேண்டும். குருதியும் இயல்பான திசைக்கு எதிராக மேல்நோக்கிப் பாயும். பின்னர் மார்பைத் திறந்தவுடன் கண்முன் தெரியும் ஏறுபெருநாடியிலேயே கேனுலாவைச் செருகும் முறை நிலைபெற்றது. இன்றும் பெரும்பாலான இதய அறுவைகளில் இதுவே வழக்கம். பெருநாடியின் வெளிச்சுவரில் வட்டமாக இரண்டு தையல்கள் போடப்படும். நடுவில் சிறு வெட்டு இட்டுக் கேனுலாவைச் செருகியதும், சுருக்குப்பையின் கயிற்றை இழுப்பதுபோலத் தையல் இறுக்கப்படும். அந்தச் சில நொடிகளில் குருதி பீறிடாமலும் சுவர் கிழியாமலும் இருக்க, நோயாளியின் இரத்த அழுத்தம் முன்கூட்டியே குறைத்து வைக்கப்படுகிறது.

சுற்றோட்டத்தின் ஒடுக்கமான இடம்

கேனுலாக்களின் பருமன் ‘பிரெஞ்சு’ என்ற அலகில் குறிக்கப்படுகிறது. 19ஆம் நூற்றாண்டில் பாரிசில் மருத்துவக் கருவிகள் செய்த சாரியேர் என்பவர் வகுத்த அளவு இது. 3 பிரெஞ்சு என்பது 1 மில்லிமீட்டர் வெளிவிட்டம். பெரியவர்களுக்கு வழக்கமாக 20 முதல் 24 பிரெஞ்சு வரையிலான தமனிக் கேனுலா பயன்படுகிறது; அதாவது 6.7 முதல் 8 மில்லிமீட்டர். குருதி வந்து சேரும் பெருநாடியின் விட்டமோ 25 முதல் 30 மில்லிமீட்டர் வரை இருக்கும். எந்திரத்திலிருந்து நோயாளி வரையிலான தமனிப் பாதை முழுவதிலும் மிகக் குறுகலான இடம் கேனுலாவின் முனையே.

ஒரு சிறு கணக்கு இதைத் தெளிவாக்கும். பெரிய உடல்வாகு கொண்ட ஒருவருக்கு நிமிடத்துக்கு 5 லிட்டர் குருதி தேவை எனக் கொள்வோம். 24 பிரெஞ்சுக் கேனுலாவின் சுவர் அரை மில்லிமீட்டர் தடிமன் என்றால் உள்விட்டம் 7 மில்லிமீட்டர். அதன் வழியே குருதி நொடிக்கு ஏறத்தாழ 2.2 மீட்டர் வேகத்தில் வெளிவரும். அதே குருதி 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள பெருநாடியில் பரவி ஓடினால் வேகம் நொடிக்கு 17 சென்டிமீட்டர் மட்டுமே. துளை சிறிதாக இருக்கட்டும் என்று 20 பிரெஞ்சைத் தேர்ந்தெடுத்தால் முனையில் வேகம் 3.3 மீட்டராகிவிடும். பாய்ச்சலின் தாக்கம் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால் அது இரு மடங்குக்கும் மேல் கூடுகிறது.

வடிவமைப்பாளர் சுவரின் தடிமனில் கவனம் செலுத்துவது இதனால்தான். அதே 20 பிரெஞ்சுக் குழாயின் சுவரை 0.5 மில்லிமீட்டரிலிருந்து 0.3 ஆகக் குறைத்தால் வேகம் 2.9 மீட்டருக்கு இறங்கும். பெருநாடியில் இடும் வெட்டு சற்றும் பெரிதாகாமலேயே கிடைக்கும் ஆதாயம் இது. ஆனால் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் எளிதில் மடங்கும். மடங்காமல் இருக்கச் சுவருக்குள் மெல்லிய உலோகக் கம்பிச்சுருள் புதைக்கப்படுகிறது. கம்பிக்கும் இடம் வேண்டுமே! முனைப் பகுதியில் கம்பியின்றிச் சுவரை மெலிதாக்கி, பின்பகுதியில் கம்பியுடன் தடிமனாக அமைப்பது பல உற்பத்தியாளர்கள் கண்ட சமரசம்.

பாய்ச்சல் ஏற்படுத்தும் தீங்குகள்

தோட்டத்து நீர்க்குழாயின் வாயை விரலால் பாதி அடைத்தால் நீர் பீய்ச்சி அடித்து மண்ணைத் தோண்டுவதைப் பார்த்திருக்கலாம். கேனுலா முனைக்கு எதிரே உள்ள பெருநாடிச் சுவரிலும் இதுவே நிகழ்கிறது. முதியவர்களின் பெருநாடியில் கொழுப்பும் சுண்ணமும் படிந்திருப்பது இயல்பு. பாய்ச்சல் அந்தப் படிவைப் பெயர்த்தால், துகள்கள் அடுத்த நொடியே மூளைத் தமனிகளுக்குள் போகக்கூடும். துருப்பிடித்த இரும்பின் மீது மணலைப் பீய்ச்சித் துரு நீக்கும் தொழிலை ஒப்பிட்டு, மருத்துவ நூல்கள் இதை மணல்பீச்சு விளைவு என்கின்றன. இதயத் தமனி மாற்றுவழி அறுவை செய்துகொள்வோரில் நூற்றுக்கு ஒருவர் முதல் மூவர் வரை பக்கவாதத்துக்கு உள்ளாகிறார்கள். இவை அனைத்தும் கேனுலாவால் வருபவை அல்ல. பெருநாடியைக் கவ்வியால் இறுக்குவது, அறுவைக்குப் பின் வரும் இதயத் துடிப்புக் கோளாறு போன்றவற்றுக்கும் பங்குண்டு. எனினும் இதயத்தைச் சரிசெய்ய வந்தவர் பேச்சையும் கைகால் அசைவையும் இழந்து திரும்புவது எல்லாரும் அஞ்சும் விளைவு.

வேகமான பாய்ச்சல் கழுத்துத் தமனியின் வாயை ஒட்டிக் கடக்கும்போது அந்த இடத்தில் அழுத்தம் குறைந்து, மூளைக்குப் போக வேண்டிய குருதி குறையலாம். முனை ஆழமாகப் போய் ஒரு கழுத்துத் தமனிக்குள்ளேயே நுழைந்துவிட்டாலோ மூளையின் ஒரு பக்கம் அளவுக்கு மீறிய ஓட்டத்தையும் மறுபக்கம் பற்றாக்குறையையும் சந்திக்கும்.

குருதியும் சேதமடைகிறது. குறுகிய துளையில் உராயும் சிவப்பணுக்கள் உடைந்து, அவற்றின் ஹீமோகுளோபின் குருதி நீர்மத்தில் கலக்கும்; இது சிறுநீரகத்துக்குக் கேடு. கேனுலாவின் இரு முனைகளுக்கும் இடையே அழுத்த வேறுபாடு 100 மி.மீ. பாதரசத்துக்கு மேல் போகக்கூடாது என்பது நெடுங்காலமாகப் பின்பற்றப்படும் விதி. கேனுலாவின் உறையில் ஓட்டத்துக்கும் அழுத்தத்துக்குமான வரைபடம் அச்சிடப்பட்டிருக்கும். அது பெரும்பாலும் நீரைக் கொண்டு அளந்தது. குருதி நீரைவிடப் பாகுத்தன்மை மிகுந்தது என்பதால் மேசையில் அழுத்தம் அதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

மிக அரிதானதும் மிகக் கொடியதுமான சிக்கல் பெருநாடிச் சுவர்ப் பிளவு. கேனுலாவின் முனை உட்குழிக்குள் போகாமல் சுவரின் அடுக்குகளுக்கு இடையே சிக்கிக்கொண்டால், எந்திரம் தள்ளும் குருதி அந்த அடுக்குகளைப் பிரித்துக்கொண்டே போகும். ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாகவே இது நேர்கிறது. எந்திரத்தை இயக்கும் பெர்ஃபியூஷனிஸ்ட், முழு ஓட்டத்தைத் தொடங்கும் முன் குழாயின் அழுத்தமானி நோயாளியின் நாடித்துடிப்புக்கு ஏற்ப அசைகிறதா என்று பார்ப்பது இதற்காகவே. அசையாவிட்டால் முனை சரியான இடத்தில் இல்லை.

முனை வடிவங்கள்

மிகப் பழைய வடிவம், நுனி சாய்வாக வெட்டப்பட்ட நேர்க்குழாய். செருகுவதற்கு எளிது. ஆனால் பாய்ச்சல் முழுவதும் ஒரே இடத்தைத் தாக்கும். ஆழமாகச் செருகினால் பின்சுவரைத் தொடும். முனையைச் செங்கோணமாக வளைத்து, அதன் மேலே சிறு விளிம்பு வைத்தது அடுத்த மாற்றம். விளிம்பு பெருநாடியின் வெளிப்பரப்பில் தட்டி நின்றுவிடும் என்பதால் ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்கு மேல் உள்ளே போக முடியாது. முனை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது உள்ளே போனபின் கண்ணுக்குத் தெரியாது. வெளியே குழாய் நெடுக அச்சிட்ட ஒரு கோடு அதைக் காட்டுகிறது. செலவே இல்லாத இந்தக் கோட்டின் பயன் மிகப் பெரிது.

பாய்ச்சலையே உடைக்க முயன்றவை பரவல் முனைக் கேனுலாக்கள். இவற்றின் நுனி மூடப்பட்டிருக்கும். உள்ளே ஒரு கூம்பு குருதியைத் திருப்பிப் பக்கவாட்டுத் துளைகள் வழியே வெளியேற்றும். செடிக்கு நீர் ஊற்றும் பூவாளியை நினைத்துக்கொள்ளலாம். எதிர்ச்சுவரில் மோதும் வேகம் குறைகிறது. ஆனால் ஒரு துளை சுவரை ஒட்டி நின்றால் அடைபட்டு, மற்றத் துளைகளில் வேகம் கூடும். திருப்பங்கள் மிகுவதால் குருதி உராய்வதும் மிகும். இன்னொரு அணுகுமுறையில் முனை நீளமாக்கப்பட்டு, கழுத்துத் தமனிகளைக் கடந்து பெருநாடி வளைவின் மறுபுறத்தில் பாய்ச்சல் விடப்படுகிறது. பெயரும் துகள்கள் மூளைக்குப் போகாமல் கீழ்நோக்கிப் போகும் என்பது கணக்கு. அந்த நீள முனையே படிவுகளை உரசிக்கொண்டு போகாதா என்ற கேள்வி அதனுடன் சேர்ந்தே வருகிறது.

வலையுடன் ஒரு கேனுலா

துகள் பெயர்வதைத் தடுக்க முடியாவிட்டால் பெயர்ந்ததைப் பிடித்துவிடலாம் என்ற எண்ணத்தில் பிறந்தது எம்பால்-எக்ஸ் என்ற கேனுலா. இதன் பக்கவழியே ஒரு சிறு வலை பெருநாடிக்குள் குடைபோல விரியும். வலைக்கண்ணின் அளவு 120 மைக்ரோமீட்டர். 1,289 நோயாளிகளைக் கொண்ட சமவாய்ப்புச் சோதனையின் முடிவுகள் 2003இல் வெளியாயின. எடுத்துப் பார்த்த வலைகளில் 96 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவற்றில் துகள்கள் சிக்கியிருந்தன. கருவி சொன்னதைச் செய்தது. ஆனால் இறப்பு, பக்கவாதம் உள்ளிட்ட சிக்கல்களின் மொத்தக் கணக்கில் வலை வைத்தவர்களுக்கும் வைக்காதவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. 120 மைக்ரோமீட்டரைவிடச் சிறியவை வலையைத் தாண்டிவிடும்; வலை அறுவையின் முழு நேரமும் விரிந்திருப்பதும் இல்லை. கருவி நன்றாக வேலை செய்வதும் நோயாளி நலமடைவதும் ஒன்றல்ல என்பதற்கு மருத்துவப் பொறியியல் மாணவர்கள் படிக்கத்தக்க எடுத்துக்காட்டு இது.

இதைவிட எளிய ஒரு வழி பல மருத்துவமனைகளில் கடைப்பிடிக்கப்படுகிறது. செருகும் முன் பெருநாடியின் மேற்பரப்பில் மீயொலிக் கருவியை நேரடியாக வைத்து, படிவு இல்லாத இடத்தைத் தேடுவர். விரலால் அழுத்திப் பார்க்கும் பழைய முறையில் கெட்டியான சுண்ணம் மட்டுமே தட்டுப்படும். மென்மையான கொழுப்புப் படிவு தப்பிவிடும்.

சிரைக் கேனுலாவும் தொடைவழியும்

சிரைப் பக்கத்தில் சிக்கல் நேரெதிரானது. அங்கே குருதி பெரும்பாலும் உயர வேறுபாட்டால் தானாக வடிகிறது. உறிஞ்சல் கூடினால் சிரையின் மெல்லிய சுவர் துளைகளின் மேல் ஒட்டிக்கொண்டு ஓட்டம் நின்றுவிடும். பல மட்டங்களில் துளையிடுவது வழக்கமான தீர்வு. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் லுட்விக் வான் செகெசர் உருவாக்கிய கேனுலா, உள்ளே சென்றபின் தானே வலைக்கூடாக விரிந்து சிரைச் சுவரைத் தாங்கிப் பிடிக்கிறது.

சிறு கீறல் அறுவைகளிலும் எக்மோ சிகிச்சையிலும் தொடைத் தமனி மீண்டும் பயன்பாட்டுக்கு வந்துள்ளது. கேனுலா தமனியை நிறைத்துவிட்டால் அதற்குக் கீழே காலுக்குக் குருதி போகாது. எக்மோவில் இது நாள்கணக்கில் நீளும். காலை இழக்கும் ஆபத்தும் உண்டு. இதனால் பாதத்தை நோக்கி இன்னொரு மெல்லிய குழாய் செருகப்படுகிறது. கேனுலாவின் வளைவிலேயே ஒரு பக்கத்துளை விட்டுக் கீழ்நோக்கியும் குருதி அனுப்பும் இருதிசைக் கேனுலாக்களும் வந்துள்ளன.

குழந்தைகளுக்கான கேனுலா

3 கிலோ எடையுள்ள பச்சிளங்குழந்தைக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 450 மில்லிலிட்டர் ஓட்டம் தேவை. 8 பிரெஞ்சுக் கேனுலாவின் சுவர் 0.3 மில்லிமீட்டர் எனில் முனையில் வேகம் நொடிக்கு 2.2 மீட்டர், பெரியவருக்கான 24 பிரெஞ்சுக் கேனுலாவில் கண்ட அதே வேகம். ஆனால் குழந்தையின் பெருநாடி ஒரு சென்டிமீட்டரைவிடக் குறுகியது. பாய்ச்சல் விரிந்து தளர்வதற்குள் எதிர்ச்சுவர் வந்துவிடும். முனை ஓரிரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே சுவரை முட்டும். கேனுலாவே தமனியின் குறுக்குவெட்டில் கணிசமான பகுதியை அடைத்துக்கொள்கிறது. பெரியவர்களுக்கான வடிவத்தை அப்படியே சுருக்கினால் போதாது என்பதால், கணினி வழிப் பாய்ம உருவகப்படுத்தலும், குழந்தைகளின் ஸ்கேன் படங்களிலிருந்து வார்த்த ஒளிபுகும் பெருநாடி மாதிரிகளில் ஓட்டத்தைப் படமெடுத்து அளப்பதும் இத்துறையில் மிகுதியாகக் கையாளப்படுகின்றன.