தோடிக்கு ஒரு சக்கரம், திருப்புகழுக்கு ஒரு கணக்கு

திருவண்ணாமலை, திருப்புகழ் பாடிய அருணகிரிநாதரின் ஊர். பெரிய கோயிலுக்குள் இருக்கும் கம்பத்து இளையனார் சந்நிதியில்தான் முருகன் தூணில் தோன்றிக் காட்சி தந்தான் என்பது ஊரின் நம்பிக்கை. இந்த ஊரில் வீட்டிலேயே இசை பழக ஒருவர் கீபோர்டு கன்ட்ரோலரும் மென்பொருளும் வாங்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பள்ளிப் பிள்ளையாகவும் இருக்கலாம், ஓய்வு பெற்ற ஆசிரியராகவும் இருக்கலாம். யூடியூபில் வண்ண விளக்கு மின்னும் கருவியைப் பார்த்து அவர் முடிவெடுக்கக் கூடாது. எந்தப் பாட்டை வாசிக்கப் போகிறாரோ, அந்தப் பாட்டு என்ன கேட்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

கன்ட்ரோலரைத் தனியாக வைத்து அழுத்தினால் சத்தமே வராது. வாங்கி வந்த பலர் முதல் நாளே திகைப்பது இதில்தான். எந்தக் கட்டை, எவ்வளவு அழுத்தம், எப்போது விட்டீர்கள் என்ற செய்தியை மட்டுமே அது கம்ப்யூட்டருக்கு அனுப்பும். அந்தச் செய்தியின் பொது மொழிதான் மிடி. அமெரிக்கரான டேவ் ஸ்மித்தும் ஜப்பானின் ரோலண்ட் நிறுவனர் இகுதாரோ ககேஹாஷியும் முன்நின்று உருவாக்கிய அது 1983-ல் நடைமுறைக்கு வந்தது. இங்கே 1986-ல் ‘புன்னகை மன்னன்’ படத்துக்கு இளையராஜா கம்ப்யூட்டரைப் பயன்படுத்தினார். 1989-ல் ஏ.ஆர். ரஹ்மான் சென்னையில் வீட்டோடு சேர்த்து ஸ்டுடியோ கட்டினார். 1992-ல் ‘ரோஜா’ வந்தது. அன்று ஓர் அறை நிறையக் கருவி கேட்ட வேலையை இன்று ஒரு சாதாரண லேப்டாப் செய்துவிடும்.

வாங்குவதற்கு முன் பரணைப் பாருங்கள். பிள்ளைகளுக்கு வாங்கிய யமஹாவோ கேசியோவோ தூசி படிந்து கிடக்கலாம். பின்பக்கம் சதுரமான யுஎஸ்பி துளை இருந்தால் பிரிண்டர் கேபிளே போதும், அதுவே கன்ட்ரோலராகிவிடும். ஆனால் மெல்லத் தொட்டாலும் ஓங்கி அடித்தாலும் ஒரே சத்தம் தரும் ரகமாக இருந்தால், பழக உதவுமே தவிர பாவம் வராது.

புதிதாக வாங்குவதென்றால் நான் முதலில் பார்ப்பது இடது ஓரத்தில் இருக்கும் பிட்ச் வீல் என்ற சிறு சக்கரத்தை. நம் இசைக்கு அதுதான் உயிர். ஏனென்று ஹார்மோனியத்தின் கதை சொல்லும்.

1940-ல் அகில இந்திய வானொலி ஹார்மோனியத்துக்குத் தடை போட்டது. முப்பது ஆண்டு கழித்துத்தான் அந்தத் தடை தளர்ந்தது. கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே உள்ள கமகத்தை அதால் காட்ட முடியாது என்பதும், அதன் சுருதி நம் காதுக்கு ஒத்துவராது என்பதும் அன்று சொல்லப்பட்ட காரணங்கள். குற்றச்சாட்டில் உண்மை இருந்தது. ஓர் அரைச்சுரத்தை நூறு சென்ட் என்று கணக்கிட்டால், கீபோர்டில் அந்தர காந்தாரம் சட்ஜத்திலிருந்து 400 சென்ட் தூரத்தில் நிற்கிறது. தம்புராவின் நாதத்திலேயே தானாகக் கேட்கும் காந்தாரம் 386-ல். பதினான்கு சென்ட்தான் வித்தியாசம், என்றாலும் தம்புராவோடு சேர்த்து நீட்டிப் பிடித்தால் காது உறுத்தும். சர்ஜ் எக்ஸ்டி என்ற இலவச மென்பொருளில் இந்தச் சுருதியைக்கூட மாற்றிக்கொள்ளலாம்.

கமகத்துக்கு வழி அந்தச் சக்கரம். வலது கை கட்டையில், இடது கை சக்கரத்தில். கீபோர்டிலேயே முழுக் கர்நாடகக் கச்சேரி செய்து காட்டியவர் சத்யநாராயணன். அவர் வாசிப்பைக் கேட்டவர்கள் இந்தக் கருவியைக் குறைத்துப் பேச மாட்டார்கள். சக்கரம் பொதுவாக மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு அரைச்சுரம் வளைக்கும்படி அமைந்திருக்கும். தோடியின் காந்தாரம் ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே அசைவது. கணக்குப் போட்டால் இரு பக்கமும் சரியாக இரண்டு அரைச்சுரம்!

இதனால்தான் 25 கட்டைக் கருவியை நான் சிபாரிசு செய்வதில்லை. அதில் இரண்டே ஸ்தாயி. மந்த்ர பஞ்சமத்துக்கு இறங்க ஆக்டேவ் பொத்தானை அழுத்த வேண்டும். சக்கரத்தில் இருக்கும் இடது கையை எடுத்தால்தான் அது முடியும். 49 கட்டை இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. எம்-ஆடியோ கீஸ்டேஷன் 49, நோவேஷன் லாஞ்ச்கீ 49 இரண்டிலும் முழு அளவுக் கட்டையும் உண்மையான சக்கரமும் உண்டு. ஆகாய் எம்பிகே மினியின் முந்தைய பதிப்புகளில் குட்டிக் கட்டைகளும் ஒரு ஜாய்ஸ்டிக்கும். ஆர்டுரியா மினிலேப் 3-ல் விரல் தேய்க்கும் பட்டை. தாளக்கட்டு அடுக்கிப் பாட்டு செய்பவர்களுக்கு அவை நல்ல கருவிகள்தான். மாயாமாளவகௌளையில் சரளி வரிசை தொடங்குபவருக்கு அல்ல. இவை எல்லாமே லேப்டாப்பின் யுஎஸ்பி மின்சாரத்தில் ஓடுபவை, கரண்ட் போனாலும் சாதகம் நிற்காது.

இனி மென்பொருள். திருப்புகழின் சந்தத்தைத் தகிட ஒன்றரை, தகதிமி இரண்டு என்று எண்ணிப் பாடுவார்கள். ஒரு தகிடவும் மூன்று தகதிமியும் சேர்ந்தால் ஏழரை. மென்பொருளில் இதைப் பதினைந்துக்கு எட்டு என்று அமைக்க வேண்டும். ஐபோனில் இலவசமாக வரும் கராஜ்பேண்டில் நான்குக்கு நான்கு, மூன்றுக்கு நான்கு, ஆறுக்கு எட்டு மட்டுமே உண்டு. ஏழரைக்கு மட்டுமல்ல, மிஸ்ர சாபுக்கே அங்கே இடமில்லை. எல்லா வகையிலும் இனிமையான மென்பொருள், அருணகிரியாரிடம் மட்டும் கைவிரித்துவிடுகிறது.

குரலையும் பதிவு செய்ய வேண்டுமே! எஃப்எல் ஸ்டுடியோவின் மலிவான ஃப்ரூட்டி பதிப்பில் அது முடியாது, அதற்கு அடுத்த பதிப்புக்குப் போக வேண்டும். இலவசமான எல்எம்எம்எஸ்ஸிலும் நேரடிக் குரல் பதிவு இல்லை. கன்ட்ரோலரோடு பெரும்பாலும் இலவசமாக வரும் ஏபிள்டன் லைவ் லைட், டிராக் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தாலும், தொடங்கப் போதும். என் தேர்வு ரீப்பர். எந்தத் தாளக் கணக்கையும் ஏற்கும், பழைய லேப்டாப்பிலும் ஓடும். 60 நாள் பயன்படுத்திப் பார்த்துவிட்டு, வீட்டு உபயோகத்துக்கான உரிமத்தை 60 டாலருக்கு வாங்கலாம். வாத்திய ஒலிகள் அதில் ஏறக்குறைய இல்லை. தனியாகச் சேர்க்க வேண்டும். நாகஸ்வரமும் மிருதங்கமும் வேண்டுமென்றால் ஸ்வர்பிளக் போன்றவற்றுக்குப் பணம் கொடுக்க நேரும். முதல் ஆண்டில் அது தேவையில்லை.

விண்டோஸில் கட்டையை அழுத்திய பிறகு சத்தம் தாமதமாக வந்தால் கருவியைச் சந்தேகிக்காதீர்கள். ஏசியோ4ஆல் என்ற இலவச டிரைவரைப் போட்டு, பஃபரை 128-க்கோ 256-க்கோ இறக்குங்கள். பஃபரால் வரும் தாமதம் மூன்று முதல் ஆறு மில்லி நொடிக்குள் அடங்கிவிடும். புளூடூத் ஹெட்போனைத் தொடவே கூடாது, நூறு மில்லி நொடிக்கு மேல் பிந்தித் தாளத்தைக் குலைக்கும். ஒயர் உள்ள ஹெட்போன் போதும். கிரிவலப் பாதையை ஒட்டிய வீடென்றால் பௌர்ணமியன்று குரல் பதிவை ஒத்திப்போட்டுவிட்டு, கட்டைப் பயிற்சி மட்டும் செய்யலாம்.

ஆன்லைனில் வாங்குமுன் ஒரு முறையாவது கட்டையைத் தொட்டுப் பாருங்கள். சென்னை அண்ணா சாலையில் இருக்கும், 1842-ல் தொடங்கிய மியூசி மியூசிகல் போன்ற கடைகள் அதற்குத்தான். லேப்டாப்பையும் ஹெட்போனையும் கையோடு எடுத்துப் போவது நல்லது. ஒரே கட்டையை மெல்லவும் அழுத்தியும் வாசித்து ஒலி மாறுகிறதா என்று கேளுங்கள். சக்கரத்தை மேலே தள்ளிச் சட்டென்று விடுங்கள். சுரம் பிசகாமல் பழைய இடத்தில் வந்து நிற்க வேண்டும். அப்படி நிற்காத கருவியை, எத்தனை தள்ளுபடி தந்தாலும், வாங்காதீர்கள்.