ஹனோயில் கால் வைத்ததும்

வியட்நாமின் தலைநகரான ஹனோயில் இறங்கும் பயணிக்கு முதலில் தலை சுற்றவைப்பது அந்த நாட்டுப் பணம். ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய 300 டாங். பத்தாயிரம் ரூபாயை மாற்றியவர் 30 லட்சம் டாங்கோடு வெளியே வருகிறார். லட்சாதிபதிப் பெருமை இரண்டு மூன்று நாளில் கரைந்துவிடும். சில்லறைக் காசு புழக்கத்திலேயே இல்லை. கைக்கு வரும் தாள்களிலெல்லாம் ஹோ சி மின்னின் அதே முகம். 20,000 டாங் தாளும் 5 லட்சம் டாங் தாளும் இரண்டுமே நீலநிறப் பிளாஸ்டிக். இருட்டில் டாக்ஸிக்காரரிடம் ஒன்றுக்கு மற்றொன்றை நீட்டினால் 25 மடங்கு போய்விடும். கடைக்காரர்கள் கடைசி மூன்று சைபரை விழுங்கிவிட்டுத்தான் விலை சொல்வார்கள். ‘ஐம்பது’ என்றால் ஐம்பதாயிரம்.

இவ்வளவு சைபர்கள் ஏறியதற்குக் காரணம் உண்டு. 1975-இல் போர் ஓய்ந்து, மறு ஆண்டு வடக்கும் தெற்கும் ஒன்றான பிறகு, வாணிகம் முழுவதும் அரசின் கைக்குப் போனது. அரிசிக்கும் துணிக்கும் கூப்பனோடு வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. 1980-களின் நடுவில் பணவீக்கம் ஆண்டுக்கு 700 சதவீதத்தையும் தாண்டியது. வேறு வழியில்லாமல் 1986 டிசம்பரில் கம்யூனிஸ்ட் கட்சி ‘டோய் மோய்’ என்ற சீர்திருத்தத்தை அறிவித்தது. தனியார் கடை திறக்கலாம், விவசாயி விளைச்சலைத் தானே விற்கலாம் என்றானது. புதிதாக வருகிறவர் தொன்றுதொட்டு வந்த வழக்கம் என்று எண்ணிக்கொள்ளும் காட்சிகளில் பாதி, அதற்குப் பிறகு தழைத்தவைதான்.

மோட்டார் சைக்கிள் கூட்டமும் அப்படித்தான். அதற்கு முன்னால் ஹனோய் சைக்கிள்களின் ஊர். கையில் காசு புரளத் தொடங்கியதும் ஹோண்டா வந்தது. 2000-ஐ ஒட்டி மலிவான சீன வண்டிகள் வந்து குவிந்து விலையை இறக்கிவிட்டன. 10 கோடிப் பேர் வாழும் நாட்டில் இன்று ஏழு கோடிக்கும் மேற்பட்ட வண்டிகள் பதிவாகியிருக்கின்றன. குளிர்பதனப் பெட்டி, கண்ணாடிப் பலகை, கோழிக் கூண்டு என்று எதையும் பின்சீட்டில் கட்டிவிடுவார்கள். ‘டெட்’ எனப்படும் சந்திரப் புத்தாண்டு நெருங்கினால், பழம் காய்த்துத் தொங்கும் குட்டி ஆரஞ்சு மரமே தொட்டியோடு சவாரி போகும். ஆனாலும் தலைக்கவசம் இல்லாதவரைக் காண்பது அரிது. 2007 டிசம்பரில் அது எல்லாச் சாலைகளிலும் கட்டாயமானது; ஏறக்குறைய ஒரே நாளில் ஊரே மாட்டிக்கொண்டது.

இந்த வெள்ளத்தைக் கடப்பதுதான் புதியவருக்குப் பெரிய சோதனை. இடைவெளி கிடைக்கட்டும் என்று காத்திருந்தால் பொழுது சாய்ந்துவிடும். உள்ளூர்க் கிழவிகள் ஓரத்தில் ஒரு கணம் நின்று பார்த்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். ஒரே சீராக, மெதுவாக நடக்கிறார்கள். வண்டிக்காரர் அந்த நடையை அளந்து முன்னாலோ பின்னாலோ வளைந்து போகிறார். நடுவில் திடுமென நிற்பதும், பயந்து பின்வாங்குவதும், ஓடுவதும்தான் ஆபத்து. வண்டிக்காரரின் கணக்கு தப்பிவிடும். இந்த உபாயம் இருசக்கர வண்டிகளுக்கு மட்டுமே. பஸ்ஸும் காரும் வளைந்து கொடுக்காது.

பழைய நகரத்து வீடுகள் அடுத்த வியப்பு. முகப்பு மூன்று மீட்டர் இருக்கும்; உள்ளே போனால் முற்றம், அறை, மறுபடி முற்றம் என்று நீண்டுகொண்டே போகும். முகப்பின் அகலத்துக்கு வரி போட்டதால் இப்படிக் கட்டினார்கள் என்பது ஊரார் சொல்லும் காரணம். தெருவைப் பார்த்த கடை எல்லோருக்கும் வேண்டியிருந்தது என்பதே அதைவிடப் பொருத்தமாகத் தோன்றுகிறது. ஹாங் பாக் தெரு வெள்ளிக்கு, ஹாங் தியெக் தகரத்துக்கு, ஹாங் மா முன்னோருக்காகக் கொளுத்தும் காகிதப் பொருள்களுக்கு என்று தெருக்களுக்கே சரக்கின் பெயர். தகரத் தெருவில் இன்றும் சுத்தியல் சத்தம் கேட்கிறது. சீர்திருத்தத்துக்குப் பின் ஊருக்கு வெளியே எழுந்த வீடுகளும் அதே ஒடிசல்தான், ஆனால் நாலைந்து மாடி. முன்பக்கம் மஞ்சளும் பச்சையுமாக மின்னும். பக்கச் சுவர்கள் பூச்சே காணாத சிமெண்ட். பக்கத்து மனையில் ஒட்டி வீடு வரப்போகும்போது அதற்கு எதற்கு வண்ணம்? கீழ்த்தளம் பகலில் கடை, இரவில் குடும்பத்து வண்டிகள் நிற்கும் இடம்.

அதனால் பகல் வாழ்க்கை நடைபாதைக்கு வந்துவிடுகிறது. ஒரு சாண் உயரமே இருக்கும் பிளாஸ்டிக் முக்காலிகள், கொதிக்கும் ஒரு பானை, ஒரு பெண்மணி: உணவகம் தயார். பெரும்பாலும் ஒரு கடைக்கு ஒரே பண்டம். பானை காலியானால் கடை கட்டிவிடுவார். காலை ஆறு மணிக்கே ‘ஃபோ’ சூப்புக்குக் கூட்டம் கூடுகிறது. மாட்டெலும்பை இரவெல்லாம் கொதிக்கவிட்டு, சுட்ட இஞ்சியும் வெங்காயமும் அன்னாசிப்பூவும் பட்டையும் சேர்த்து இறக்கிய சாறு. அதில் அரிசி நூடுல்ஸ். பழம்பெரும் உணவு போலத் தோன்றினாலும், அது உருவானது பிரெஞ்சு ஆட்சியில், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். காபியும் பிரெஞ்சுக்காரர் கொண்டுவந்ததே. கிண்ணத்தின் மேல் அமர்ந்த சின்ன அலுமினிய வடிகட்டியிலிருந்து டிகாக்‌ஷன் சொட்டுச் சொட்டாக இறங்கும். அடியில் ஒரு விரல் உயரத்துக்கு டின் பால். 1946-இல் பாலே கிடைக்காதபோது மெட்ரோபோல் ஹோட்டல் ஊழியர் ஒருவர் முட்டை மஞ்சள்கருவை அடித்து நுரைத்து ஊற்றிப் பார்த்தார். அந்த முட்டைக் காபி இன்று ஹனோயின் அடையாளங்களில் ஒன்று.

சைவ உணவுக்காரர் கொஞ்சம் விழிப்பாக இருக்க வேண்டும். காய்கறிப் பொரியலில்கூட மீன் சாறு கலந்திருக்கும். பலகையில் ‘சாய்’ என்று எழுதிய கடையைத் தேடினால் கவலையில்லை. பௌத்தர்கள் பலர் சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் புலால் தொடுவதில்லை. அன்று அந்தக் கடைகளில் இடம் கிடைப்பதே கடினம்.

பேச்சு தொடங்கிய இரண்டாவது நிமிடமே வயதைக் கேட்பார்கள். அண்ணன், அக்கா, தம்பி, சித்தப்பா என்று முறைவைத்தே எவரையும் அழைக்கும் மொழி அவர்களுடையது. வயது தெரியாமல் வாக்கியத்தை முடிக்க முடியாது. மேலைநாட்டுப் பயணிகள் முகம் சுளிக்கும் இந்தக் கேள்வி தமிழருக்கு உறுத்தாது.

ஹனோயைப் பார்த்துவிட்டு வியட்நாமையே அறிந்ததாக எண்ணுவதற்கில்லை. டிசம்பர், ஜனவரியில் ஹனோய்வாசிகள் கம்பளிச் சட்டையோடு திரிய, ரயில் பாதையில் 1,726 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஹோ சி மின் நகரத்தில் வியர்த்துக் கொட்டும். ஃபோவும் அங்கே வேறு. இனிப்பு கூடுதல், துளசி வகை இலைகளும் முளைகட்டிய பயறும் தட்டு நிறைய வரும். பிரெஞ்சு ஆட்சியில் வட்டித்தொழில் செய்யப் போன நகரத்தார் வாழ்ந்ததும் அந்த நகரத்தில்தான், அப்போது அதன் பெயர் சைகோன். தமிழர்கள் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுப்பிய மாரியம்மன் கோயில் இன்றும் நகரின் நடுவே இருக்கிறது; அங்கே ஊதுபத்தி கொளுத்தி வேண்டிக்கொள்பவர்களில் மிகப் பெரும்பாலோர் வியட்நாமியர்.