திமொத்தேயுவும் நம் பெங்களூர்ப் பேரப்பிள்ளைகளும்



புனித பவுல் தம் அன்பு மகன் என்று அழைத்த திமொத்தேயுவுக்குத் தாய் யூதர், தந்தை கிரேக்கர். லிஸ்திராவில் வளர்ந்த அந்தப் பிள்ளை எந்த மொழியில் கனவு கண்டதோ, விவிலியம் சொல்வதில்லை. ஆனால் பாட்டி லோயி, தாய் யூனிக்கி இருவரின் பெயரையும் பவுல் மறவாமல் எழுதுகிறார் (2 திமொ 1:5). கொரிந்துக்கும் தெசலோனிக்காவுக்கும் தம் சார்பில் அனுப்ப அவரையே தெரிந்துகொண்டார்.

ஓமலூரிலும் திமொத்தேயுக்கள் உண்டு. பெங்களூரில் வேலை பார்க்கும் நம் மக்களின் பிள்ளைகள். தெருவில் கன்னடம், பள்ளியில் ஆங்கிலம், வீட்டில் தமிழ். இங்கே வந்தால் 'பெங்களூர்ப் பையன்', அங்கே போனால் 'தமிழ்ப் பையன்'. பேச வரும், அம்மாயி எழுதிய கடிதத்தை வாசிக்க வராது. பிள்ளையைக் குறை சொல்லிப் பயனில்லை.

கடல் கடந்த தமிழர்கள் இதை நமக்கு முன்பே சந்தித்தவர்கள். மலேசியாவில் வளர்ந்த முத்து நெடுமாறன் 1980களிலேயே முரசு என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கினார். அந்நாள்களில் ஒவ்வொரு மென்பொருளும் எழுத்துகளுக்குத் தன் விருப்பப்படி எண் கொடுத்தது. ஒருவர் அனுப்பிய தமிழ், அடுத்தவர் திரையில் புரியாத குறிகளாய் வந்து விழும். பாபேல் கோபுரம்தான் போங்கள்! யூனிக்கோடு என்னும் பொதுக் குறியீடு பரவிய பிறகே அந்தச் சிக்கல் தீர்ந்தது. 2005 பொங்கலன்று அவருடைய 'செல்லினம்' சிங்கப்பூரில் வெளியாகி, கைப்பேசியில் தமிழிலேயே குறுஞ்செய்தி அனுப்ப வழி செய்தது.

சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரம், 1998 பொங்கலன்று 'மதுரைத் திட்டம்' தொடங்கினார். பழந்தமிழ் நூல்களை ஒரு நாட்டில் ஒருவர் தட்டச்சு செய்வார். வேறொரு நாட்டில் மற்றொருவர் பிழை திருத்துவார். ஊதியம் கிடையாது. பலர் ஒருவரையொருவர் நேரில் கண்டதுமில்லை. கணினியைவிட அந்தப் பிழை திருத்தியவர்கள்தான் எனக்குப் பெரியவர்களாகத் தெரிகிறார்கள். ஒற்று ஒற்றாகப் பார்க்க வேண்டிய வேலை அது.

நம் வாட்ஸ்அப் குழுக்களிலோ பூப்படம் போட்ட காலை வணக்கங்கள் குவிகின்றன. அவை ஒருபுறம் இருக்கட்டும். இந்த வாரம் அம்மாயி ஒரு விவிலியக் கதையைத் தம் குரலில் பதிந்து அனுப்பட்டும். பேரன் தமிழில் ஒரே ஒரு வரி தட்டச்சு செய்து பதில் போடட்டும். பிழையோடு வந்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள். திருத்திக் கொடுக்க அம்மாயிக்கு நேரம் இருக்கிறது.